கூட்டுக்குள் எத்தனை உண்ணி? தேனீப் பெட்டியைப் பூச்சிகளிடமிருந்து காப்பது எப்படி, அதற்கு ஒரு சங்கம் எதற்கு

தேனீ வளர்ப்போர் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “பெட்டியில் பூச்சி விழுந்தால் என்ன மருந்து போடணும்?” அங்கே பழம் தின்று கொட்டை போட்ட ஆள் யாராவது இருந்தால் பதிலுக்கு இன்னொரு கேள்வி வரும்: “எத்தனை இருக்குன்னு எண்ணிப் பார்த்தீங்களா?”

கேட்டவருக்குத் தட்டிக்கழிப்பதுபோலத் தோன்றலாம். ஆனால் விஷயம் முழுவதும் அந்த எதிர்க்கேள்விக்குள்தான் இருக்கிறது. பூச்சியே அண்டாத தேனீக்கூடு என்று ஒன்று கிடையாது. எந்த அளவு வரை தேனீக்களே சமாளித்துக்கொள்ளும், எதைத் தாண்டினால் நாம் கை வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதே முதல் பாடம். இரண்டாவது பாடம் கொஞ்சம் கசப்பானது: உங்கள் பெட்டியை நீங்கள் மட்டும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் போதாது. தேனீ வேலி பார்த்துப் பறப்பதில்லை. சங்கத்தின் தேவை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஏன் இத்தனை பேர் கண் வைக்கிறார்கள்?

வெளியிலிருந்து வரும் ஒரு பிராணியின் கண்ணால் தேனீப் பெட்டியைப் பாருங்கள். மழையோ குளிரோ, புழு வளரும் பகுதி 34, 35 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இருக்கிறது. சேமித்து வைத்த தேன் இருக்கிறது. மகரந்தம் இருக்கிறது, அதில் புரதம் நிறைய. அறை அறையாக மிருதுவான புழுக்கள். இத்தனையும் ஒரே மரப்பெட்டிக்குள். எறும்பு, அந்துப்பூச்சி, வண்டு, குளவி, உண்ணி, பறவை, எலி, சில நாடுகளில் கரடி என்று ஆளாளுக்கு வந்து நிற்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

காட்டில் ஒரு மரப்பொந்தில் தொல்லை அதிகமானால் தேனீக்கள் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகும். ஆசியத் தேனீ இனம், அதாவது தமிழில் அடுக்குத் தேனீ என்று சொல்வது, பெட்டியில் வைத்தாலும் இந்தப் பழக்கத்தை விடுவதில்லை. ஐரோப்பியத் தேனீ அவ்வளவு எளிதில் ஓடாது. இருந்த இடத்திலேயே நலிந்து போகும். எப்படிப் பார்த்தாலும் நட்டம் வளர்ப்பவருக்குத்தான்.

நமக்கு இருக்கும் ஒரு பெரிய வசதி, தேனீக்கள் மெழுகு அடை கட்டும் மரச் சட்டங்களை வெளியே எடுத்துப் பார்க்க முடிவது. அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் 1852-ல் காப்புரிமை பெற்ற பெட்டியின் அடிப்படையே அதுதான். சுமார் 6 முதல் 9 மில்லிமீட்டர் இடைவெளியைத் தேனீக்கள் நடமாடும் வழியாக அப்படியே விட்டுவைக்கும். அதைவிடக் குறுகலான சந்துகளைப் பிசினால் அடைக்கும், அகலமான இடத்தில் அடை கட்டும். சட்டங்களுக்கு நடுவே அந்தச் சரியான இடைவெளியை விட்டால் எதுவும் ஒட்டிக்கொள்ளாமல் கையோடு வரும். பிசினால் அடைக்கப்படாத வெடிப்பும் கோணலான மூடியும் உள்ள பழைய பெட்டியில், தேனீயால் நுழைய முடியாத அந்தச் சந்துகளே பூச்சிக்கு வீடாகும். பெட்டி வாங்கும்போது தச்சு வேலையைத்தான் நான் முதலில் பார்ப்பேன், வண்ணத்தை அப்புறம்.

கண்ணுக்குத் தெரிகிற எதிரிகள்

எறும்பில் தொடங்கலாம், ஏனென்றால் தீர்வு சுலபம். பெட்டியைக் கால் வைத்த தாங்கியின் மேல் வையுங்கள், நான்கு கால்களையும் தண்ணீர் அல்லது பழைய எண்ணெய் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். அவ்வளவுதான். ஆனால் கிண்ணத்தில் ஓர் உலர்ந்த இலை விழுந்தால் அது எறும்புக்குப் பாலம். பக்கத்துப் புல் வளர்ந்து பெட்டியைத் தொட்டாலும் பாலம். எனவே எறும்புத் தொல்லையைத் தீர்ப்பதில் பாதி வேலை புல் வெட்டுவதுதான். பெட்டியைச் சுற்றி எறும்புப் பொடி தூவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது. எறும்பைக் கொல்லும் பொடி தேனீயையும் கொல்லும்.

பஞ்சுருட்டான் போன்ற பறவைகள் வாசலருகே வந்து தேனீயைப் பிடித்துத் தின்னும். பலமான குடும்பத்துக்கு அது பெரிய இழப்பில்லை. ராணி புணர்ச்சிப் பறப்புக்குப் போகும் நாட்களில் மட்டும் கவலைப்பட வேண்டும். குளிர் நாடுகளில் எலி உள்ளே புகாமல் இருக்க வாசலில் துளையிட்ட தகடு வைப்பார்கள். கரடி உள்ள காட்டுப் பக்கத்தில் மின்வேலி தவிர வேறு வழி கிடையாது.

மெழுகு அந்துப்பூச்சி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஆள். சாம்பல் நிறத்தில், பார்க்க அப்பாவியாக இருக்கும். தாய் அந்து எதையும் தின்பதே இல்லை, அதற்கு உண்ணும் வாய் உறுப்புகள் வளர்வதில்லை. இரவில் நுழைந்து சந்துகளில் முட்டையிடுவதோடு அதன் வேலை முடிந்தது. நாசம் செய்வது புழுதான். கறுத்த பழைய அடையின் நடுவில் சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும், போகிற வழியெல்லாம் வெள்ளை நூலாம்படை விட்டுச் செல்லும். பாதிக்கப்பட்ட சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அடைக்குள் அந்தச் சுரங்கங்கள் கோடு கோடாகத் தெரியும், அவற்றில் கறுப்பு மணிகளாக எச்சம் கிடக்கும். முற்றிய புழுக்கள் சட்டத்தின் மரத்தையே படகு வடிவில் குடைந்து, அந்தக் குழியில் கூடு கட்டிக்கொண்டு வரிசையாகப் படுத்திருக்கும்.

இந்தப் புழுவுக்குச் சுத்தமான மெழுகு மட்டும் கிடைத்தால் சரியாக வளராது. தேனீப் புழு வளர்ந்து போன அறைகளில் மிஞ்சியிருக்கும் தோல், பட்டுக்கூடு, மகரந்தம் இவைதான் அதற்குச் சத்து. அதனால் குஞ்சு பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன அடைதான் முதலில் போகும். தேன் மட்டுமே இருந்த வெள்ளை அடை பெரும்பாலும் தப்பிக்கும். இதிலிருந்தே ஒரு நடைமுறை கிடைக்கிறது. பழைய அடைகளை வருடா வருடம் சிறிது சிறிதாகக் கழித்து உருக்கிவிட வேண்டும். எடுத்து வைக்கும் அடைகளை உறைபெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டு, அந்து நுழையாதபடி மூடி வைக்க வேண்டும். கடும் குளிர் முட்டையிலிருந்து அந்து வரை எல்லாப் பருவத்தையும் கொன்றுவிடும். துணிப் பீரோவில் போடும் நாப்தலீன் உருண்டையை அடைகளோடு போடவே கூடாது. மெழுகு அந்த வாடையை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு தேனுக்குள்ளும் இறங்கும்.

உயிரோட்டமுள்ள குடும்பத்துக்குள் அந்துப்பூச்சி பெருகிவிட்டது என்று யாராவது சொன்னால், அனுபவசாலிகள் அந்துப்பூச்சியைத் தேடுவதில்லை, ராணியைத் தேடுவார்கள். ராணி இல்லாமல் போயிருக்கலாம், நோய் வந்திருக்கலாம், அல்லது தேனீக்களின் எண்ணிக்கைக்கு மிஞ்சிய சட்டங்களை வளர்ப்பவர் ஆசைப்பட்டு வைத்திருக்கலாம். தேனீ மூடி நிற்காத அடை காவல் இல்லாத அடை. நான்கு சட்டத்தை மூடுகிற அளவு தேனீ இருந்தால் பெட்டியில் நான்கைந்து சட்டம் போதும். மீதியை எடுத்துவிட்டுத் தடுப்புப் பலகை வைத்துவிடலாம். பூச்சித் தடுப்பில் இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கிலிருந்து கிளம்பி, 1998-ல் அமெரிக்காவின் புளோரிடாவிலும், 2002-ல் ஆஸ்திரேலியாவிலும், 2014-ல் இத்தாலியிலும் தலைகாட்டிய சிறு கூட்டு வண்டு வேறு ரகம். 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளம், கரும்பழுப்பு நிறம், மூடியைத் திறந்ததும் வெளிச்சத்துக்குப் பயந்து ஓடும். இதன் புழுக்கள் தேனுக்குள் புரண்டு எச்சமிட, கூடவே வரும் ஒரு ஈஸ்ட்டால் தேன் புளித்து, நுரைத்து, அடையிலிருந்து வழியும். அழுகிய பழ வாடை வரும். வண்டுப் புழுவா அந்துப் புழுவா என்று குழப்பம் வந்தால் நூலாம்படையைப் பாருங்கள், வண்டுப் புழு நூல் விடாது. அதன் முதுகில் வரிசையாகச் சிறு முட்களும் இருக்கும்.

இந்த வண்டைத் தேனீயால் கொட்ட முடியாது, ஓடு அவ்வளவு கெட்டி. அதனால் தேனீக்கள் அதை ஒரு மூலைக்குத் துரத்தி, சுற்றிலும் பிசினால் சுவர் எழுப்பிச் சிறை வைக்கும். வாசலில் காவலும் நிற்கும். வேடிக்கை என்னவென்றால், உள்ளே இருக்கும் வண்டு தன் உணர்கொம்பால் காவல் தேனீயின் வாயைத் தட்டும். பசித்த சக தேனீதான் கேட்கிறது என்று நினைத்து அந்தத் தேனீ உணவைக் கக்கி ஊட்டிவிடும். வண்டு வாரக்கணக்கில் சிறையிலேயே உயிரோடு இருக்கும். வளர்ப்பவர் அவசரப்பட்டுத் தேவையில்லாமல் சட்டங்களைப் பிரித்துப் போட்டால் அத்தனை கைதிகளும் விடுதலை. வண்டு உள்ள நாடுகளில் பெட்டியைப் பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் காரணத்தோடு பிரிக்கச் சொல்வது இதனால்தான். சட்டங்களுக்கு நடுவே எண்ணெய் ஊற்றிய பொறிகள் வைப்பார்கள். புழுக்கள் கூட்டுப்புழுவாக மாற மண்ணுக்குள்தான் இறங்கியாக வேண்டும் என்பதால், பெட்டிக்குக் கீழே கெட்டித் தரை இருந்தால் அதுவும் ஒரு தடை.

அப்புறம் கதண்டுகள். ஆசியக் கதண்டு ஒன்று 2004 வாக்கில் பிரான்சில் காணப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பக்கத்து நாடுகளுக்குப் பரவி, 2016-ல் பிரிட்டனையும் எட்டியது. பெட்டி வாசலுக்கு எதிரே காற்றில் அப்படியே நின்று, திரும்பி வரும் தேனீயை அந்தரத்தில் பிடிக்கும். கதண்டோடு சேர்ந்தே வாழ்ந்து பழகிய அடுக்குத் தேனீக்களுக்குப் பதிலடி தெரியும். ஜப்பானில் அவை கதண்டை நூற்றுக்கணக்கில் பந்தாகச் சூழ்ந்து, உடலை அதிரச் செய்து நடுவில் 46, 47 டிகிரி வரை சூடேற்றிக் கொல்வதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். வியட்நாமில் வாசலைச் சுற்றி மிருகச் சாணத்தை உருண்டை உருண்டையாக அப்பிக் கதண்டை விரட்டுவது 2020-ல் பதிவானது. ஐரோப்பியத் தேனீக்கு இந்தக் கலைகள் கைவரவில்லை. வாசலைக் குறுக்குவது, முன்னால் வலைக்கூடு பொருத்துவது, கதண்டின் கூட்டைக் கண்டுபிடித்து அழிப்பது ஆகிய மூன்றும்தான் வழி. கூட்டைத் தேடும் வேலை தனி ஆளால் ஆகாது. பிரிட்டனில் உள்ளூர்ச் சங்கங்களின் தன்னார்வலர்களே கதண்டு அணிகள் அமைத்து, யாராவது பார்த்ததாகச் சொன்னால் போய் உறுதிசெய்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

இதுவரை சொன்னவையெல்லாம் ஒருபக்கம். உலகத்தில் ஐரோப்பியத் தேனீ வளர்ப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது வர்ரோவா உண்ணிதான். சிவந்த பழுப்பு நிறம், தட்டையான உடல், நீளம் 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் அதைவிட அதிகம். வயிற்றுக்கடியில் தேனீயின் வளையங்களுக்கு நடுவே செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. “என் பெட்டியில் ஒன்றுகூட இல்லை, நான் பார்த்தேனே” என்று சொல்பவர்கள் பார்த்தது தேனீக்களின் முதுகைத்தான்.

இந்த உண்ணி முதலில் அடுக்குத் தேனீயோடு இருந்தது. அங்கே பெரும்பாலும் ஆண் தேனீ வளரும் அறைகளில் மட்டுமே பெருகும். தேனீக்களும் ஒன்றையொன்று சுத்தம் செய்து தள்ளிவிடும். இரண்டும் ஒருவாறு ஒத்துப்போய்விட்டன. மனிதர்கள் ஐரோப்பியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்ததும் உண்ணி இனம் தாவியது. அமெரிக்காவில் 1987, பிரிட்டனில் 1992, நியூசிலாந்தில் 2000 என்று ஒவ்வொரு நாடாக விழுந்தது. கடைசிப் பெரிய கோட்டை ஆஸ்திரேலியா. அங்கே 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தில், இதற்கென்றே காவலுக்கு வைத்திருந்த பெட்டிகளில் உண்ணி அகப்பட்டது. ஆயிரக்கணக்கான பெட்டிகளை அழித்துப் பார்த்தார்கள். 2023 செப்டம்பரில் ஒழிக்கும் முயற்சியைக் கைவிட்டு, சமாளித்து வாழும் திட்டத்துக்கு மாறினார்கள்.

அது பெருகும் விதம் தெரிந்தால்தான் மருந்தின் கணக்கும் புரியும். தேனீப் புழு முற்றி, வேலைக்காரத் தேனீக்கள் அறையை மெழுகால் மூடப்போகும் நேரத்தில் தாய் உண்ணி உள்ளே நழுவிவிடும். மூடிய பிறகு சுமார் 60, 70 மணி நேரத்தில் முதல் முட்டை, அது ஆண். பிறகு கிட்டத்தட்ட 30 மணி நேரத்துக்கு ஒரு முட்டை, எல்லாம் பெண். உள்ளேயே அண்ணன் தங்கைகள் கூடிவிடும். தேனீ வெளியே வரும்போது தாயும் முதிர்ந்த மகள்களும் அதன் மேல் ஏறி வெளியே வரும், ஆண் உண்ணி உள்ளேயே சாகும். வேலைக்காரத் தேனீயின் அறை சுமார் 12 நாள் மூடியிருக்கும், ஆண் தேனீயின் அறை இரண்டு மூன்று நாள் கூடுதலாக. அந்தக் கூடுதல் நாட்களில் இன்னொரு மகளோ இரண்டு மகள்களோ முதிர்ந்துவிடுவதால், வாய்ப்புக் கிடைத்தால் உண்ணி ஆண் அறையையே தேடிப் போகும்.

நெடுங்காலம் இது தேனீயின் குருதிநீரைக் குடிக்கிறது என்றே எழுதிவந்தார்கள். தேனீயின் கொழுப்புத் திசுவைத்தான் முக்கியமாகத் தின்கிறது என்று 2019-ல் ஆய்வாளர் சாமுவேல் ராம்சே குழுவினர் காட்டினார்கள். அந்தத் திசுதான் தேனீக்குச் சேமிப்புக் கிடங்கு, எதிர்ப்புச் சக்தியின் இடம், நச்சு முறிக்கும் இடம் எல்லாம். போதாததற்கு உண்ணி கடிக்கும்போது வைரஸும் ஏறுகிறது. சுருங்கிய சிறகோடு வாசலில் நடந்து திரியும் தேனீக்களைப் பார்த்தால் சிறகுக் குறை வைரஸ் முற்றிவிட்டது என்று பொருள். அந்தக் கட்டத்தில் எண்ணிப் பார்ப்பதெல்லாம் காலம் கடந்த வேலை.

எண்ணுவது எப்படி

இதற்குத் தேவை ஒரு கண்ணாடி ஜாடி, 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை பொருத்திய மூடி, பொடித்த சர்க்கரை, வெள்ளைத் தட்டு. பெட்டியில் புழு வளரும் பகுதியிலிருந்து ஒரு சட்டத்தை எடுங்கள். முதல் வேலை, அதில் ராணி இல்லை என்று உறுதி செய்வது. இரண்டாவது வேலையும் அதுவே, திருப்பிப் போட்டு இன்னொரு முறை பாருங்கள். அரைக் கோப்பை, அதாவது சுமார் 120 மில்லி அளவு தேனீக்களை ஜாடிக்குள் உதறுங்கள். அதில் ஏறக்குறைய 300 தேனீ இருக்கும். இரண்டு மேசைக்கரண்டி பொடிச் சர்க்கரையை வலை வழியாகப் போட்டு, எல்லாத் தேனீயும் வெள்ளையாகும்வரை ஜாடியை மெதுவாக உருட்டி, ஓரிரு நிமிடம் நிழலில் வையுங்கள். உண்ணியின் பிடி நழுவும். பிறகு ஜாடியைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டின் மேல் உலுக்குங்கள். சர்க்கரை மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் அது கரைந்துபோகும், சிவப்புப் புள்ளிகளாக உண்ணிகள் நிற்கும். சில கால் அசைக்கும். எண்ணுங்கள். சர்க்கரை பூசிய தேனீக்களைப் பெட்டிக்குள் கொட்டினால் மற்றவை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்.

எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் நூறு தேனீக்கு எத்தனை உண்ணி என்று கிடைக்கும். பல நாட்டு வழிகாட்டிகள் இதை 2, 3 என்ற அளவில் எல்லைக்கோடாக வைக்கின்றன. பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப அது மாறும். சாராயத்தில் கழுவும் முறையில் எண்ணிக்கை இன்னும் துல்லியமாக வரும், ஆனால் அந்த 300 தேனீக்களும் சாகும். 40,000 தேனீ உள்ள குடும்பத்துக்கு அது தாங்கக்கூடிய செலவுதான். ஆனாலும் புதியவர்களுக்கு மனசு வராது, அதில் தப்பில்லை. சர்க்கரை முறையையாவது தவறாமல் செய்தால் சரி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நாம் எண்ணுவது தேனீக்களின் மேல் இருக்கும் உண்ணியை மட்டும். குஞ்சு வளரும் காலத்தில் பாதிக்கு மேற்பட்ட உண்ணிகள் மூடிய அறைக்குள் இருக்கும். நூறுக்கு 3 என்றால் அந்த 3 வெளியே தெரிகிற பகுதிதான். கோடை முடிந்து ராணி முட்டையைக் குறைக்கும்போது அறைக்குள் இருந்த உண்ணிகளெல்லாம் வெளியே வர, தேனீக்கள் எண்ணிக்கை குறையக் குறைய உண்ணி விகிதம் திடீரென்று எகிறும். நல்ல விளைச்சல் கொடுத்த குடும்பம்தான் இப்படிக் கவிழும், ஏனென்றால் குஞ்சு நிறைய வளர்த்த குடும்பம் உண்ணியையும் நிறைய வளர்த்திருக்கும்.

மருந்து கடைசியில்

மருந்துக்கு முன்னால் கையால் செய்யக்கூடியவை இருக்கின்றன. ஆண் அறைகள் உள்ள சட்டம் ஒன்றை வைத்து, அவை மூடப்பட்டதும் எடுத்து உறைபெட்டியில் போட்டால் உள்ளே போன உண்ணிகளும் ஒழியும். ஆண் தேனீ முட்டையிலிருந்து வெளிவர 24 நாள் ஆகும். அந்தச் சட்டத்தை மறந்துவிட்டால் நீங்களே உண்ணிப் பண்ணை நடத்தியது போலத்தான். அப்புறம் ராணியை மூன்றரை வாரம் சிறு கூண்டில் அடைத்து, குஞ்சே இல்லாத இடைவெளி உண்டாக்கலாம். வலைத் தரையுள்ள அடிப்பலகை வைத்தால் விழும் உண்ணி மறுபடி ஏறாது; ஆனால் அது மட்டும் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

மருந்துகளில் ஆக்சாலிக் அமிலம் மூடிய அறைக்குள் போகாது, அதனால் குஞ்சு இல்லாத இடைவெளியில்தான் அதன் முழு வேலை தெரியும். ஃபார்மிக் அமிலத்தின் ஆவி மூடியைத் தாண்டி உள்ளே போகும், ஆனால் வெயில் கடுமையாக இருந்தால் ராணிக்கே ஆபத்து. தைமால் என்பது ஓமத்துக்கு அந்த மணத்தைத் தரும் அதே பொருள். அதற்காக வீட்டு ஓம எண்ணெயைப் பெட்டியில் ஊற்றிப் பார்க்க வேண்டாம், அளவு தவறினால் தேனீ பெட்டியை விட்டே போய்விடும். இந்த அமிலங்கள் நம் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கெடுதி, கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக்கூடாது. உங்கள் நாட்டில் தேனீக்கு என்று அனுமதி பெற்ற தயாரிப்பு எதுவோ அதை மட்டும், சீட்டில் எழுதியபடி, தேன் சேமிக்கும் பகுதி பற்றி அதில் சொன்னதையும் மீறாமல் பயன்படுத்துங்கள்.

வருடா வருடம் ஒரே மருந்தை நாள்காட்டி பார்த்துப் போடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஃப்ளூவாலினேட் என்ற உண்ணி மருந்து ஏற்றிய பட்டைகள் ஒரு காலத்தில் அதிசயம் செய்தன. 1990களின் தொடக்கத்திலேயே இத்தாலியில் அதற்கு மசியாத உண்ணிகள் தோன்றிவிட்டன. தப்பிப் பிழைத்த உண்ணியின் மகள்கள்தானே அடுத்த தலைமுறை. இத்தகைய மருந்து மெழுகிலும் தங்கிவிடுகிறது.

சங்கம் இங்கேதான் வருகிறது

நீங்கள் எண்ணி, மருந்து போட்டு, எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் நூறுக்கு 5. மருந்து போலியா? பெரும்பாலும் இல்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவர் கவனிக்காமல் விட்ட பெட்டி செத்துக்கொண்டிருக்கிறது. காவல் இல்லாத அந்தப் பெட்டியின் தேனை உங்கள் தேனீக்கள் கொள்ளையடித்துவிட்டு, வரும்போது உண்ணியையும் உடம்பில் ஏற்றி வருகின்றன. 2019-ல் ஆய்வாளர்கள் டேவிட் பெக், தாமஸ் சீலி இருவரும் வெவ்வேறு நிறத் தேனீக் குடும்பங்களை வைத்து யார் எங்கே போகிறார்கள் என்று கவனித்து, கவிழும் குடும்பத்திலிருந்து உண்ணியை வாங்கிக்கொண்டு போவது இந்தக் கொள்ளைக்காரர்கள்தான் என்று எழுதினார்கள். அதாவது நன்றாக இருக்கிற, பலமான குடும்பம்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறது.

தேனீ சாதாரணமாகவே மூன்று கிலோமீட்டர் போய்வரும். அந்த வட்டத்துக்குள் எத்தனை பேர் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? சங்கத்தின் முதல் உபயோகம் அந்தப் பட்டியல்தான். நியூசிலாந்து போன்ற நாடுகளில் பெட்டி வைக்கும் இடத்தைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் சங்கத்தின் குறிப்பேடுதான் பதிவேடு.

நல்ல சங்கங்கள் இன்னும் ஒரு படி மேலே போகும். எல்லோரும் ஒரே வாரத்தில் எண்ணி, எண்ணிக்கையை ஒரே இடத்தில் எழுதுவார்கள். அதைப் பார்த்தால் எந்தப் பக்கத்தில் ஏறுகிறது என்று தெரியும். மருந்து போடுவதாக இருந்தால் சேர்ந்து ஒரே சமயத்தில் போடுவார்கள். அடுத்த முறை வேறு வகை மருந்துக்கு மாறுவதையும் சேர்ந்தே செய்வார்கள். ஒருவர் மட்டும் மாற்றி, பக்கத்தவர் பழையதையே போட்டுக்கொண்டிருந்தால் எதிர்ப்புப் பெற்ற உண்ணி எப்படியும் சுற்றிவரும். “நான் இயற்கை வழி, மருந்தே போட மாட்டேன்” என்று சொல்லும் உறுப்பினர் எந்தச் சங்கத்திலும் ஒருவராவது இருப்பார். அவரோடு சண்டை போட்டு வெளியே தள்ளுவது பிசகு. வெளியே போனாலும் அவர் பெட்டி அதே இடத்தில்தான் இருக்கும். மருந்து வேண்டாம், எண்ணிக்கை மட்டும் கொடுங்கள், எல்லைக்கோட்டைத் தாண்டினால் ராணியை அடைத்து வையுங்கள் அல்லது உண்ணியை எதிர்க்கும் வம்சத்து ராணியைக் கொண்டுவந்து வையுங்கள் என்று பேசிப் பார்க்கலாம். எண்ணவும் மாட்டேன் என்பவரிடம் பேச எனக்கும் வழி தெரியவில்லை.

பொதுப் பொருட்களில் மட்டும் ஒரு எச்சரிக்கை. தேன் பிழியும் இயந்திரம், உறைபெட்டி, மெழுகு உருக்கி போன்றவற்றைச் சங்கமாக வாங்குவது நல்லது. அடையை மட்டும் கை மாற்றாதீர்கள். அமெரிக்கப் புழு அழுகல் நோயின் வித்துகள் பழைய அடையிலும் பெட்டியிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். இலவசமாகக் கிடைத்தது என்று யாரோ தந்த கறுத்த அடையை வாங்கி வைப்பது பூச்சியைவிடப் பெரிய வம்பு. பொது இயந்திரத்தைத் திருப்பித் தரும்போது கழுவித் தர வேண்டும், சட்டங்களைப் பெயர்த்தெடுக்கும் தட்டு உளியைப் பெட்டிக்குப் பெட்டி துடைக்க வேண்டும். வெளியிலிருந்து பிடித்து வந்த தேனீத் திரள் எதுவானாலும் மற்றப் பெட்டிகளிலிருந்து தள்ளி வைத்து, உண்ணி எண்ணிய பிறகுதான் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர் முதல் பருவத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. பழகிய உறுப்பினர் ஒருவர் பெட்டி பார்க்கும்போது கூட நின்று, அவர் எண்ணுவதை எழுதிக்கொள்ளுங்கள். ஆண் அறை ஒன்றைக் கீறி, வெள்ளைக் கூட்டுப்புழுவின் மேல் சிவப்பு உண்ணி ஊர்வதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு எங்கே இருந்தாலும் அடையாளம் தெரியும். சொந்தப் பெட்டி வந்ததும் கோடைக்கு முன் ஒருமுறை, தேன் எடுத்ததும் ஒருமுறை, குளிருக்கு முன் ஒருமுறையாவது எண்ணுங்கள். மருந்து போட்டிருந்தால் அதன் காலம் முடிந்ததும் மறுபடி எண்ண வேண்டும். எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் அந்தச் செய்தியை அன்றே சங்கத்துக்குச் சொல்லிவிடுங்கள். பக்கத்துப் பெட்டிக்காரர் அதே மருந்தை வாங்கக் கிளம்பியிருக்கலாம்.